ஏட்டுப் பிழையும் கணினிப் பிழையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



புதுவை செயின்ட் லூயி வீதியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகளைப் பேணி வருகின்றது. இங்குள்ள சைவச் சுவடித் தொகுதி 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பதிவேட்டில் இடம்பெற்றது. ஓலைக்குச் செல்லும் பூஞ்சையும் கடற்காற்றின் ஈரமும் பகை என்பதைப் புதுவையினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பகையினின்றும் காக்கவே சுவடிகளைக் கணினிப் படிமங்களாக மாற்றும் முயற்சி தோன்றியது. ஆயின், கணினிக்குள் புகுந்த ஏட்டிற்குப் புதியதொரு பகையும் உண்டு. அது மென்பொருளில் உறையும் பிழை. அத்தகைய பிழையொன்று இருபத்தைந்து ஆண்டுகள் எவர் கண்ணுக்கும் புலனாகாமல் இருந்ததும், வெளிப்பட்டபின் அது திருத்தப்பட்ட முறையும், சுவடிப் பதிப்பை அறிந்தோர்க்குப் பெரிதும் பயன்தரும் செய்திகளாகும். அவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஓடும் பருப்பும்

கணினியின் இயங்குதளத்தில் உள்ளீடாக நின்று, நினைவகத்தையும் வட்டையும் பிற உறுப்புகளையும் ஆள்வது 'கெர்னல்' எனப்படும். இச்சொல்லுக்குப் பருப்பு என்பது பொருள். அதனைச் சூழ்ந்து நின்று, பயனர் எழுத்தால் இடும் கட்டளைகளைப் பெற்று உள்ளே சேர்ப்பிப்பது 'ஷெல்' ஆகும். இதற்கு ஓடு என்பது பொருள். படங்களைச் சுட்டிக் கணினியை இயக்கும் பழக்கம் பரவுவதற்கு முன்னர், கட்டளை வரியில் எழுதியே அனைத்துப் பணிகளும் நிகழ்ந்தன. இன்றும் இணைய வழங்கிகளின் திரைமறைவுப் பணிகளில் பெரும்பகுதி ஷெல் வழியாகவே நடைபெறுகின்றது.

பெல் ஆய்வகத்தைச் சார்ந்த ஸ்டீபன் போர்ன் இயற்றி, 1979இல் யுனிக்ஸ் இயங்குதளத்துடன் வெளிவந்த ஷெல் அவர் பெயராலேயே வழங்கியது. பின்னர் எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் தக்க ஒரு ஷெல் வேண்டுமெனக் கருதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக, பிரையன் ஃபாக்ஸ் என்பார் எழுதியதே 'பேஷ்'. இது 1989இல் வெளிவந்தது. 'போர்ன்' என்னும் ஆசிரியர் பெயரும், 'பிறந்த' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் ஒத்தொலிப்பதால், 'மீண்டும் பிறந்த ஷெல்' என்று சிலேடையாக அதற்குப் பெயரிட்டனர். லினக்ஸ் இயங்குதளம் பரவிய இடமெல்லாம் பேஷும் பரவியது. அதனைப் பேணும் பொறுப்பை, அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய செட் ரேமி ஏற்றார். ஊதியம் ஏதுமின்றித் தம் ஓய்வு நேரத்தில் அவர் ஆற்றிய தொண்டின்மீது உலகின் பல்லாயிரம் நிறுவனங்களின் வழங்கிகள் நின்றன. அந்நிறுவனங்களுள் பெரும்பாலானவை அவர் பெயரையும் அறிந்திருக்கவில்லை.

பிழையின் இயல்பு

2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள், ஸ்டெஃபான் ஷசெலா என்னும் வல்லுநர் பேஷில் ஒரு பெரும் பாதுகாப்புக் குறை இருப்பதைக் கண்டு செட் ரேமிக்குத் தெரிவித்தார். பின்னர் இது 'ஷெல்ஷாக்' என்று பெயர் பெற்றது. குறையின் தன்மையைத் தெளிவாக அறிந்தாலன்றித் திருத்தத்தின் அருமை விளங்காது.

ஒரு நிரல் மற்றொரு நிரலை ஏவும்போது, சில செய்திகளை உடன் அனுப்பும். பெயரும் அதற்குரிய மதிப்புமாக அமையும் அச்செய்திகளைச் 'சூழல் மாறிகள்' என்பர். பயனர் பெயர், மொழி, கோப்புகள் இருக்கும் இடம் முதலியன இவ்வாறு செல்லும். பேஷ் ஒரு வசதியைக் கூடுதலாக அளித்தது. ஒரு செயல்முறையின் இலக்கணத்தையே சூழல் மாறியில் பொதிந்து அனுப்பலாம் என்பதே அது. மாறியின் மதிப்பு ஒரு குறிப்பிட்ட அடைப்புக்குறி வரிசையுடன் தொடங்கினால், அதனைச் செயல்முறையின் இலக்கணம் என்று பேஷ் கொள்ளும். இதுவரை குற்றமில்லை. ஆனால் அவ்விலக்கணம் முடிந்த இடத்தில் பேஷ் நிற்கவில்லை. முடிவுக்குறிக்குப் பின்னர் எவரேனும் வேறு கட்டளையை எழுதி வைத்திருப்பின், அதனையும் படித்து நிறைவேற்றியது.

ஓர் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் பெயர் எழுதும் கட்டத்தில் உள்ளதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுமாறு எழுத்தர் ஒருவர் பணிக்கப்பட்டுள்ளார். விண்ணப்பதாரர் ஒருவர் அக்கட்டத்தில், 'கந்தசாமி. இனிப் பணப்பெட்டியைத் திறந்து வைக்க' என்று எழுதுகிறார். எழுத்தர் பெயரைப் பதிந்துவிட்டு, எழுந்து சென்று பெட்டியையும் திறந்து வைக்கிறார். அவர் கள்வர் அல்லர். கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் குறைந்தவரும் அல்லர். செய்தி எது, ஏவல் எது என்று பிரித்தறியாமையே அவர் குற்றம்.

வலைத்தளத்தைக் காண வருவோரின் உலாவி, தன் பெயர் முதலிய விவரங்களை வழங்கிக்கு அனுப்பும். பழைய முறையில் இயங்கிய வழங்கிகள் பல அவ்விவரங்களைச் சூழல் மாறிகளாக மாற்றி உள்ளே செலுத்தின. அவ்வழியில் எங்கேனும் பேஷ் அழைக்கப்படுமாயின், கடவுச்சொல் ஏதுமின்றித் தொலைவிலுள்ள ஒருவர் அக்கணினிக்குக் கட்டளையிட முடியும். இக்காரணத்தால் இக்குறைக்குக் கடுமையின் உச்ச அளவான 10 மதிப்பெண் வழங்கப்பட்டது.

ஏட்டில் இதற்கு ஒப்பு

நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொகுத்த நன்னூலார் 'மயங்க வைத்தல்' என்பதனை அவற்றுள் ஒன்றாக வைத்தார். பேஷின் குற்றம் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்படும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். மூலம் முடிந்து உரை தொடங்கும் இடத்தையும் படிப்பவரே தம் புலமையால் உணர்தல் வேண்டும். உணராத எழுத்தர், உரையிலுள்ள மேற்கோளையோ ஓரக் குறிப்பையோ மூலத்தோடு சேர்த்து எழுதிவிடுவார். அடுத்துப் படியெடுப்பவர் அதனை மூலம் என்றே நம்புவார். நான்கு தலைமுறை கழிந்தபின், அது மூலமன்று எனக் கூறுவோர்தாம் சான்று காட்ட வேண்டிய நிலை உருவாகும்.

பேஷின் பிழையும் முடிவுக்குறியைக் கடந்து படித்ததனால் விளைந்ததே. அது தீய நோக்குடன் எழுதப்பட்டதன்று. 1989இல் கணினிகள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தோர் கையில் இருந்தன. உலகளாவிய வலை அன்று பொது வழக்கிற்கு வரவில்லை. சூழல் மாறிக்குள் அயலார் ஒருவர் எழுதிய சொல் வந்து சேரும் என்று கருதுவதற்கு அன்று இடமில்லை. பின்னர் சூழல் மாறியது, நிரல் மாறவில்லை. மூல நிரல் அனைவர்க்கும் திறந்தே இருந்தது. பலர் பார்க்கும் நிரலில் பிழை நிலைக்காது என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் பார்க்கக்கூடியவர் பலராக இருத்தல் வேறு. பார்த்தவர் பலராக இருத்தல் வேறு. ஒவ்வொருவரும் பிறர் பார்த்திருப்பர் எனக் கருதிய இடத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. நூலகத்தில் அனைவர்க்கும் கிடைக்கும் நூலொன்று பல்லாண்டுகள் எவராலும் எடுக்கப்படாமல் கிடப்பதைத் தமிழாய்வாளர் அறிவர்.

திருத்தமும் திருத்தத்தின் திருத்தமும்

குறையைக் கண்டவர் அதனை உடனே ஊரறியச் செய்யவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பூட்டின் பழுதைப் பூட்டுக்குரியவர்க்கு உரைக்குமுன் சந்தையில் உரைத்தால், முதலில் பயன்பெறுவோர் கள்வரே. செட் ரேமியும், லினக்ஸ் வெளியீடுகளின் பாதுகாப்புப் பொறுப்பாளர் சிலரும் மறைவாகக் கலந்து திருத்தத்தை ஆயத்தம் செய்தனர். 12 நாட்களுக்குப்பின், செப்டம்பர் 24ஆம் நாள், குறையும் திருத்தமும் ஒருங்கே அறிவிக்கப்பட்டன.

ஆயினும் முதல் திருத்தம் முற்றுப்பெற்றதாக அமையவில்லை. அறிவிப்பு வெளிவந்த அன்றே, டாவிஸ் ஆர்மண்டி என்னும் ஆய்வாளர் அத்திருத்தத்தையும் கடந்துசெல்லும் வழியொன்றைக் காட்டினார். முடிவுக்குறிக்குப் பின்னுள்ளதை நிறைவேற்றாதே என்று மட்டும் கூறியது முதல் திருத்தம். பிழையான தொடரைப் படிக்கும்போது பேஷ் தடுமாறுவதை அது தடுக்கவில்லை. தொடர்ந்த நாட்களில் ஃபுளோரியன் வைமர், மைக்கேல் ஸலெவ்ஸ்கி முதலியோர் மேலும் சில குறைகளைக் கண்டனர். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் முதல் வாரத்திலுமாகத் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

இவற்றுள் ஃபுளோரியன் வைமரின் அணுகுமுறை தனித்து நோக்கத்தக்கது. தவறான தொடர்களை ஒவ்வொன்றாகத் தடுப்பதற்கு மாறாக, செயல்முறையைச் சுமந்துவரும் மாறிக்குத் தனி முன்னொட்டும் பின்னொட்டும் கொண்ட பெயர் இருத்தல் வேண்டும் என்ற விதியை அது வகுத்தது. உலாவியிலிருந்து வரும் சாதாரண மாறிக்கு அப்பெயர் அமையாது. ஆதலின் அதன் மதிப்பு எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் பேஷ் அதனை ஏவலாகக் கொள்ளாது. மெய்யெழுத்திற்குப் புள்ளி இட்டதும் மயக்கம் நீங்குவது போன்றது இது. பிழையான பாடங்களைத் திருத்துவது ஒரு நிலை. பிழை தோன்றுவதற்குக் காரணமான எழுத்து முறையையே செப்பம் செய்வது அதனினும் உயர்ந்த நிலை.

திருத்தம் மீண்டும் திருத்தப்பட்டது இழுக்கன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், மேலும் சுவடிகள் கிடைத்தபோது பின்வந்த பதிப்புகளில் தம் பதிப்பையே திருத்தினார். முன்பதிப்பில் பிழையில்லை என்று வாதிடாமையே அவர் பதிப்புகளுக்குப் பெருமை சேர்த்தது.

திருத்தம் சேரும் வழி

அச்சு நூலுக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நூலின் முகப்பில் பிழைதிருத்தப் பட்டியலைச் சேர்த்தல் பழைய வழக்கம். பட்டியலை நோக்கி, உள்ளே உரிய பக்கத்தில் மையால் திருத்திக்கொள்ளும் வாசகர் மிகச் சிலர். ஏனையோர் பிழையையே படித்தனர். அதனால் பொருள் மயங்கியது. பொருள் களவு போகவில்லை. கணினியில் அவ்வாறன்று. திருத்தம் வெளியாகும் நாளே, குறை இன்னதென்று கள்வரும் அறியும் நாளாகிறது. ஷெல்ஷாக் வெளிப்பட்ட சில மணி நேரத்திற்குள்ளேயே குறையுள்ள வழங்கிகளைத் தேடித் தாக்கும் நிரல்கள் இணையத்தில் உலவத் தொடங்கின.

கோப்புகளைச் சேமிக்கும் கியூநேப் என்னும் வகைப் பெட்டிகளுக்கு 2014 அக்டோபரிலேயே திருத்தம் வந்துவிட்டது. டிசம்பரில் ஒரு புழுநிரல் அப்பெட்டிகளைத் தாக்கியது. இடைப்பட்ட காலத்தில் திருத்தத்தை ஏற்றாதோரின் பெட்டிகளே அதற்கு இரையாயின. 2017ஆம் ஆண்டு நிகழ்ந்த 'வான்னாகிரை' தாக்குதல் வேறொரு குறையைப் பற்றியது. எனினும் பாடம் ஒன்றே. விண்டோஸ் இயங்குதளத்திற்கான திருத்தம் மார்ச் 14ஆம் நாள் வெளிவந்தது. தாக்குதல் மே 12ஆம் நாள் தொடங்கியது. இரு திங்கள் இடைவெளி இருந்தும், பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளர்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அண்டையிலுள்ள ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் முடங்கின.

திருத்தம் ஒரு கையிலிருந்து நேரே மற்றொரு கைக்கு வருவதில்லை. பேஷை எழுதுவோர் தரும் திருத்தத்தை டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டார் ஏற்று, ஆய்ந்து, தொகுத்து அளிப்பர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாசும் இடம்பெற்றது. ஆகவே கிளீவ்லாந்து நகரில் எழுதப்பட்ட ஒரு வரித் திருத்தம், கடலூரிலோ விழுப்புரத்திலோ ஒரு மாணவியின் மடிக்கணினியைச் சேர்வதற்குப் பல கைகளைக் கடக்க வேண்டும். ஏனைய கண்ணிகள் அனைத்தும் உறுதியாக இருந்தும், இறுதிக் கண்ணியாகிய பயனர் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கினால், திருத்தம் அவரளவில் எழுதப்படாததே ஆகும்.

இவ்வெச்சரிக்கைகளைத் தொகுத்து அறிவிக்க, இந்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2004 முதல் இயங்கி வருகின்றது. அதன் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. கணினித் தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதிவரும் 'கணியம்' மின்னிதழ் 2012இல் தோன்றியது. பயனர் பெரும்பாலோர் தமிழரே ஆதலின், எச்சரிக்கையும் தமிழில் கிடைத்தல் வேண்டும். ஒருவர்க்கு விளங்காத மொழியில் தரப்படும் எச்சரிக்கை, தரப்படாததற்கு நிகரே.

இடைச்செருகல் என்னும் மறுபுறம்

புதுப்பிப்பினை ஏற்றலே பாதுகாப்பு என்றால், புதுப்பிப்பே நஞ்சாக வந்தால் யாது செய்வது என்று வினவலாம். அவ்வாறும் ஒருமுறை நேர்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்செட்' என்னும் மென்பொருளைத் தனியொருவர் பேணி வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பில் பங்கும் பெற்றபின், 2024இல் மறைவாயில் ஒன்றைப் புதிய பதிப்பிற்குள் நுழைத்தார். தொலைக்கணினியில் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிரெயுண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் துருவிச் சென்று, மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். பெரும்பாலான வழங்கிகளை அது எட்டுமுன்னரே தடுக்கப்பட்டது.

ஷெல்ஷாக் ஏட்டெழுத்தரின் கைப்பிழை போன்றது. எக்ஸ்செட் நிகழ்ச்சி அறிந்தே செய்த இடைச்செருகல் போன்றது. இரண்டையும் ஒன்றாகக் கருதிப் புதுப்பிப்புகளையே வெறுத்தல், ஓர் இடைச்செருகலைக் கண்டு ஏடுகள் அனைத்தையும் எரிப்பதற்கு ஒப்பாகும். எக்ஸ்செட்டைக் காத்ததும் திறந்த மூலத்தைத் துருவிப் படித்த ஒரு வாசகரின் கண்ணே. இரு நிகழ்ச்சிகளும் புலப்படுத்தும் பொது உண்மை ஒன்று உண்டு. உலகம் சார்ந்து நிற்கும் நிரலைத் தனியொருவர் தோளில் ஏற்றிவிட்டு, ஏனையோர் பயன் மட்டும் கொள்ளுதல் அறமன்று, பாதுகாப்பும் அன்று.

செய்யத்தக்கன

தமிழறிஞர் பலர் கணினியைப் புதுப்பிக்கத் தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆய்வேடுகளும் கட்டுரைகளும் புதிய இயங்குதளத்தில் திறக்கும்போது, தமிழ் மறைந்து பொருளற்ற குறிகள் தோன்றும். அதற்கஞ்சியே, 2014 ஏப்ரலில் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பியைப் பல்லாண்டுகள் விடாது வைத்திருந்தோர் உளர். அச்சம் உண்மையானது, அதற்குத் தீர்வும் உண்டு. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியின் துணையால் யூனிகோடிற்கு மாற்றிக்கொண்டால், இயங்குதளம் மாறினும் தமிழ் மாறாது. தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டதும் இத்தகைய சிக்கல்களைத் தீர்க்கவே.

பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறுமாறு கணினியில் அமைத்துக்கொள்ளலாம். புதுப்பிப்பதற்கு முன் முதன்மையான கோப்புகளுக்குத் தனி வட்டில் படியொன்று எடுத்தல் நலம். இயங்குதளத்தை வெளியிட்டோரின் களஞ்சியத்திலிருந்து வரும் திருத்தம் மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்டே ஏறும். அறியாதோர் அனுப்பும் இணைப்பின்வழி வரும் 'புதுப்பிப்பு' அத்தகையதன்று. ஆதரவு முடிந்துவிட்ட இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்தல் ஆகாது. நூலகம், கல்லூரி, ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் இப்பணிக்கெனப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சுட்டி அமர்த்துதல் வேண்டும். அனைவர்க்கும் பொதுவான வேலை எவராலும் செய்யப்படாது என்பதற்குப் பேஷின் இருபத்தைந்து ஆண்டுகளே சான்று.

அவையோரே, பிழையற்ற ஏடும் இல்லை. பிழையற்ற நிரலும் இல்லை. பிழை கண்டவர் முறையாக உரைத்தலும், உரியவர் சினவாது திருத்தலும், இடைநிற்போர் காலம் தாழ்த்தாது சேர்ப்பித்தலும், பெற்றவர் ஏற்றுக்கொள்ளுதலும் ஆகிய நான்கும் கூடிய இடத்திலேயே திருத்தம் நிறைவெய்துகின்றது. முதல் மூன்றும் தொலைவில் உள்ளோர் கையில் உள்ளன. நான்காவது அவரவர் மேசைமீது உள்ளது. இவ்விலக்கிய வட்டத்தின் மலரும் ஒரு கணினியிலேயே அச்சுக் கோக்கப்படுகின்றது. பத்தாண்டுக் கூட்டங்களின் பதிவுகளும் கட்டுரைகளும் அதிலேயே உறைகின்றன. அக்கணினியில் காத்திருக்கும் திருத்தங்களை இவ்வாரமே ஏற்றி, பதிவுகளுக்கு ஒரு படியும் எடுத்து வைத்தால், இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்போர் அப்பதிவுகளைப் பழுதின்றிப் பெறுவர்.